லி பாயும் து ஃபுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனக் கவிதை என்று பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் பெயர்கள் இவை இரண்டும்தான். சீனத்தில் இருவரையும் ஒட்டி 'லி து' என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். கேட்பவருக்கு நம் இரட்டைப் புலவர்களைப் போலச் சேர்ந்தே திரிந்தவர்களோ என்று தோன்றும். உண்மையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது ஓரிரு ஆண்டுகளுக்குள் அடங்கிய சில மாதங்கள்தான். கீழே வரும் கவிதை வரிகளின் தமிழ் என்னுடையது. பொருளை மட்டும் கொண்டுவந்திருக்கிறேன், யாப்பைக் கொண்டுவர முயலவில்லை.

எந்தக் காலத்தவர்கள்? பின்னணி என்ன?

தாங் வம்சம் (618–907). லி பாய் 701இல் பிறந்து 762இல் இறந்தார். து ஃபு 712இல் பிறந்து 770இல் இறந்தார். பழைய புத்தகங்களில் 'லி போ' என்று பார்த்தால் அது லி பாய்தான்.

லி பாய் பிறந்தது மத்திய ஆசியாவில், இன்றைய கிர்கிஸ்தானில் இருக்கும் சுயாப் என்பது பலர் ஏற்கும் கருத்து. வளர்ந்தது மலை சூழ்ந்த சிச்சுவானில். அரசுத் தேர்வு எழுத அவர் போகவே இல்லை. 742இல் பேரரசர் சுவான்சோங்கின் அரண்மனையில் கவிஞராக இடம் கிடைத்தது. இரண்டே ஆண்டில் வெளியே வந்துவிட்டார்.

து ஃபு ஹெனான் பகுதியில் பிறந்தவர். தாத்தா து ஷென்யென் பெயர்பெற்ற கவிஞர். தேர்வு, பதவி, அரசருக்கு நல்லது எடுத்துச் சொல்வது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை. இரண்டு முறை தேர்வில் தோற்றார். 747இல் நடந்த இரண்டாவது தேர்வு ஒரு கேலிக்கூத்து. முதலமைச்சர் லி லின்ஃபு ஒருவரைக்கூடத் தேறவிடாமல், "திறமைசாலி எவரும் வெளியே மிச்சமில்லை" என்று பேரரசருக்கு வாழ்த்துச் சொன்னார். அதற்குப் பிறகும் து ஃபு தலைநகர் சாங்ஆனில் வேலைக்காக வாசல் வாசலாகக் காத்துக் கிடந்தார்.

755இன் இறுதியில் ஆன் லுஷான் என்ற படைத்தலைவன் கிளர்ந்தெழுந்தான். எட்டு ஆண்டு நடந்த அந்தப் போர் நாட்டைச் சிதைத்தது. இருவர் வாழ்க்கையையும் புரட்டிப்போட்டதும் அதுதான்.

உண்மையில் நண்பர்களா?

744இல் லுவோயாங் நகரில் சந்தித்தார்கள். லி பாய் அப்போது நாடறிந்த புகழோடு, அரண்மனையை விட்டு வந்த நிலையில் இருந்தார். து ஃபு யாரும் அறியாத முப்பத்திரண்டு வயதுக்காரர். சேர்ந்து சுற்றினார்கள், குடித்தார்கள், வேட்டைக்குப் போனார்கள். "குடித்துவிட்டு ஒரே போர்வைக்குள் உறங்கினோம், பகலில் கைகோத்து நடந்தோம்" என்று து ஃபு எழுதினார். 745இல் ஷாண்டோங் பகுதியில் பிரிந்தார்கள். அதற்குப் பிறகு சந்திக்கவே இல்லை.

கணக்கைப் பார்த்தால் கொஞ்சம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். லி பாயைப் பற்றியும் லி பாய்க்குமாக து ஃபு எழுதியவை பத்துக்கும் மேல். லி பாய் து ஃபுவுக்கு எழுதியதாக உறுதியாகச் சொல்லத்தக்கவை இரண்டுதான். 759இல் லி பாய் நாடுகடத்தப்பட்டதைக் கேள்விப்பட்ட து ஃபு, மூன்று இரவு தொடர்ந்து அவரைக் கனவில் கண்டதாக எழுதினார். கனவில் வந்தவர் உயிரோடு இருப்பவரா, ஆவியா என்று அவருக்குச் சந்தேகம். அப்போது லி பாய்க்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டிருந்தது. செய்தி து ஃபுவை எட்டவில்லை.

இதை வைத்து லி பாயைக் கல்நெஞ்சர் என்பது நியாயமில்லை. அவர் போகிற ஊரிலெல்லாம் யாருக்காவது விடைபெறும் பாட்டு எழுதியவர். யாரிடமும் தங்காதவர், அவ்வளவுதான்.

இருவர் நடைக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டென்று காட்ட ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

ஒரே இடத்தில் நின்று, ஒரே விலங்கின் குரலைக் கேட்டு, இருவரும் எழுதியது இருக்கிறது. பைதிசெங் என்பது யாங்சே நதியின் முப்பள்ளத்தாக்குகளின் வாயில் இருக்கும் குன்றுக் கோட்டை. (அணை கட்டிய பிறகு நீர் ஏறி, இன்று அது ஒரு தீவு.) அந்தப் பள்ளத்தாக்கின் கிப்பன் குரங்குகள் ஓலத்துக்குப் பேர்போனவை. "குரங்கு மூன்று முறை கூவினால் கண்ணீரில் உடை நனையும்" என்று அந்த ஊர் மீனவர் பாட்டே உண்டு. இருவருக்கும் அந்தப் பாட்டு தெரியும்.

759 வசந்தத்தில் லி பாய் நாடுகடத்தலுக்குப் போகும் வழியில் அங்கே வந்தபோது மன்னிப்பு ஆணை வந்து சேர்ந்தது. படகைத் திருப்பினார். (பாட்டில் வரும் 'லி' தொலைவு அளவு, ஏறத்தாழ அரை கிலோமீட்டர். ஜியாங்லிங் நதியின் கீழ்ப்பக்கத்து ஊர்.)

"விடியலில் பைதியை விட்டேன், வண்ண மேகங்களின் நடுவிலிருந்து;
ஆயிரம் லி தொலைவு ஜியாங்லிங், ஒரே நாளில் திரும்பிவிட்டேன்.
இரு கரையிலும் குரங்குகளின் குரல் ஓயவில்லை;
இலேசான படகு அதற்குள் பத்தாயிரம் மலையைத் தாண்டியிருந்தது."

து ஃபு 766இல் பைதிசெங்கை ஒட்டிய குய்சோவுக்கு வந்து இரண்டு ஆண்டு தங்கினார். வயது ஐம்பத்தைந்தை நெருங்கியிருந்தது. நுரையீரல் நோய், ஒரு காது கேட்கவில்லை. 767 இலையுதிர் காலத்தில் தனியாக மேட்டில் ஏறி நின்று எழுதிய பாட்டின் தொடக்கம் இது:

"காற்று கடுமை, வானம் உயரம், குரங்கின் ஓலம் துயரம்;
ஆற்றுத்திட்டு தெளிவு, மணல் வெண்மை, பறவை வட்டமிட்டுத் திரும்பும்.
எல்லையில்லா மரங்கள் சரசரவென இலை உதிர்க்க,
முடிவில்லா யாங்சே புரண்டு புரண்டு வரும்."

லி பாயின் பாட்டில் குரங்கின் குரல் வேகத்தை அளக்கும் கோல். துயரத்தின் அடையாளமாக ஊரே வைத்திருந்த ஒலியை எடுத்து, அதைக் காதோரம் விர்ரென்று ஓடவிட்டு, மகிழ்ச்சிக்கு ஆக்கிக்கொண்டார். 'அதற்குள்' என்ற ஒரு சொல்லில் பாட்டு முழுவதும் பறக்கிறது. து ஃபு எங்கும் போகவில்லை. காற்று, வானம், குரங்கு என்று ஒவ்வொன்றாக எண்ணி வைக்கிறார். இரண்டாம் வரியில் அதே வரிசையில் திட்டு, மணல், பறவை. பாட்டின் கடைசியில், நரைத்த தலையோடு, புதிதாகக் குடியை விட்டவன் கலங்கல் மதுக் கிண்ணத்தைக் கையில் எடுக்காமல் நிற்கிறான்.

கடந்து போகிறவர் லி பாய், நின்று கேட்கிறவர் து ஃபு. இவர்களைப் பற்றி என்னிடம் சொல்வதற்கு இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். மற்ற வேறுபாடுகள் இதிலிருந்தே கிளைக்கின்றன என்று நினைக்கிறேன்.

யாப்பு வடிவத்தில் என்ன வேறுபாடு?

அக்காலத்தில் எழுதப்பட்டவற்றைத் தளர்ந்த வடிவம், இறுகிய வடிவம் என்று பிரிக்கலாம். தளர்ந்தது பழம்பாணிப் பாட்டு: வரி நீளலாம், குறையலாம், எத்தனை வரியும் போகலாம். இறுகியதில் முக்கியமானது எட்டு வரிப் பாட்டு. ஒவ்வொரு வரியிலும் ஐந்து அல்லது ஏழு எழுத்து (சீனத்தில் ஓர் எழுத்து பெரும்பாலும் ஒரு சொல்). எந்த இடத்தில் எந்தத் தொனி (சொல்லை ஒலிக்கும் ஏற்ற இறக்கம்) என்று கட்டுப்பாடு. நடு நான்கு வரிகள் இரண்டிரண்டாகச் சொல்லுக்குச் சொல் இணை நிற்க வேண்டும். வெண்பாத் தளை தட்டாமல் எழுதிப் பார்த்தவருக்கு இந்தத் தலைவலி புரியும்.

லி பாய்க்கு எட்டு வரிப் பாட்டில் பெரிய ஈடுபாடு இல்லை. அவர் வாழ்ந்தது பழம்பாணியிலும் நான்கு வரிக் குறும்பாட்டிலும். சிச்சுவான் மலைப்பாதை பற்றிய நெடும்பாட்டை "அம்மாடி! எவ்வளவு உயரம்!" என்பது போன்ற கூச்சலோடுதான் தொடங்குகிறார், வானத்தில் ஏறுவதைவிட அந்தப் பாதையில் ஏறுவது கடினம் என்கிறார். வரி நீளம் மலைப்பாதை மாதிரியே வளைந்து நெளிகிறது.

து ஃபு எல்லா வடிவத்திலும் எழுதினார். ஆனாலும் எட்டு வரிப் பாட்டு அவரால்தான் முழு வளர்ச்சி அடைந்தது. மேலே சொன்ன மேட்டுப் பாட்டில் விதி கேட்பது இரண்டு இணை; அவர் நான்கு இணைகளும் வைத்தார், மூச்சுத் திணறாமல். "படிப்பவரைத் திடுக்கிட வைக்கும் சொல் அமையாவிட்டால் செத்தாலும் விடமாட்டேன்" என்று தன்னைப் பற்றி அவரே சொன்னார்.

ஒரே காட்சியை இருவரும் வரிக்கு வரி பாடியது உண்டா?

உண்டு, பழைய விமர்சகர்கள் அதை வைத்து நன்றாகவே சண்டை போட்டிருக்கிறார்கள். இருபதுகளில் இருந்த லி பாய் சிச்சுவானை விட்டு முதன்முதலாகப் படகில் வெளியேறும்போது:

"மலைகள் சமவெளியோடு போய் முடிகின்றன;
நதி பெரும் வெட்டவெளிக்குள் நுழைந்து ஓடுகிறது."

முதுமையில் து ஃபு, இரவில் கட்டிய படகிலிருந்து:

"விண்மீன்கள் தாழத் தொங்க, சமவெளி விரிகிறது;
நிலா பொங்கி எழ, பெருநதி ஓடுகிறது."

சமவெளி, நதி, ஓட்டம் எல்லாம் ஒன்றுதான். சீனத்தில் கடைசி எழுத்தும் ஒன்றுதான்: 'ஓடு'. லி பாயின் வரி ஓடும் படகிலிருந்து பகலில் பார்த்தது. மலை பின்னால் போகிறது, வெளி முன்னால் திறக்கிறது. து ஃபுவின் படகு அசையவில்லை. அதனால் ஐந்தே எழுத்தில் விண்மீனையும் சமவெளியையும் ஒன்றுக்கொன்று காரணமாக்க அவருக்கு நேரம் இருக்கிறது. விண்மீன் தாழ்ந்ததால்தான் வெளி இவ்வளவு அகலம் என்று தெரிகிறது. நீரில் நிலா துள்ளுவதால்தான் இருட்டில் நதி ஓடுவது தெரிகிறது.

முடிவையும் பாருங்கள். லி பாய்க்கு ஊர்த் தண்ணீரே பத்தாயிரம் லி கூட வந்து வழியனுப்புகிறது. து ஃபு, "அலைந்து திரியும் நான் எதைப் போல? வானுக்கும் மண்ணுக்கும் நடுவே மணல்திட்டில் ஒரு கடற்பறவை" என்று நிறுத்துகிறார். எனக்கு இந்த இடத்தில் து ஃபுதான். இளைஞனாக இருந்திருந்தால் ஒருவேளை மாற்றிச் சொல்லியிருப்பேன்.

நிலா என்றால் லி பாய்தானே?

பெரும்பாலும். பூக்களின் நடுவே ஒரு குடுவை மதுவோடு தனியாக உட்கார்ந்து, கிண்ணத்தைத் தூக்கி நிலாவை அழைத்து, நிழலையும் சேர்த்து மூன்று பேர் ஆக்கிக்கொள்ளும் பாட்டு அவருடையது. 'நான் பாட நிலா உலாவும், நான் ஆட நிழல் குழம்பும்.' வேடிக்கையாகத் தொடங்கினாலும், துணைக்கு ஆள் இல்லாதவன் துணையை எண்ணிக் கூட்டும் கணக்கு அது.

து ஃபுவின் நிலா வேறு. 756இல் கிளர்ச்சிக்காரர்கள் அவரைப் பிடித்து சாங்ஆனுக்குக் கொண்டுபோனார்கள். மனைவி மக்கள் வடக்கே ஃபுசோவில். அந்த இரவுப் பாட்டு இப்படித் தொடங்குகிறது: "இன்றிரவு ஃபுசோ நிலாவை அறையில் அவள் தனியே பார்ப்பாள்." தன் தலைக்கு மேலிருக்கும் நிலாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. தந்தையை நினைக்கும் வயதுகூட இல்லாத பிள்ளைகள் பக்கத்தில். பனிமூட்டத்தில் அவள் கூந்தல் ஈரம், நிலவொளியில் அவள் கை சில்லிப்பு. அவ்வளவு நேரம் அவள் நிலாவைப் பார்த்து நிற்கிறாள் என்பதை அந்த ஈரமே சொல்லிவிடுகிறது.

போரை இருவரும் எப்படிப் பாடினார்கள்?

லி பாய் ஒரு பாட்டில் ஹுவா மலை உச்சிக்கு ஏறுகிறார். கையில் தாமரை ஏந்திய தேவமகள் அழைக்க, மேகத்தில் மிதக்கிறார். சட்டென்று கீழே பார்வை விழுகிறது: லுவோயாங் சமவெளி முழுக்கக் கிளர்ச்சிப் படை, புல்லில் இரத்தம், ஓநாய்கள் அதிகாரிகளின் தொப்பி அணிந்திருக்கின்றன. பாட்டு அங்கேயே அறுந்து நிற்கிறது. போர் பற்றி அவர் எழுதியதில் என்னை அதிகம் உலுக்கியது இது. பறந்துகொண்டே இருக்க விரும்பியவருக்கும் கீழே பார்க்காமல் இருக்க முடியவில்லை.

து ஃபு பறக்கவில்லை. 759இல் ஷிஹாவ் என்ற சிற்றூரில் ஒரு வீட்டில் இராத்தங்குகிறார். படைக்கு ஆள் பிடிக்க அதிகாரி வருகிறான். கிழவர் சுவரேறிக் குதித்து ஓடிவிடுகிறார். கிழவி வாசலில் நின்று பதில் சொல்கிறாள்: மூன்று மகன்கள் போர்முனையில், இரண்டு பேர் இப்போதுதான் செத்தார்கள் என்று மூன்றாமவன் கடிதம் போட்டிருக்கிறான், வீட்டில் பால்குடிக்கும் பேரன் மட்டும், மருமகளுக்கு வெளியே வர ஒழுங்கான துணிகூட இல்லை. வேண்டுமானால் நான் வருகிறேன், இப்போதே கிளம்பினால் படைக்குக் காலைச் சோறாவது பொங்கலாம் என்கிறாள். இரவு ஆழ்கிறது, யாரோ விம்முவது கேட்கிற மாதிரி இருக்கிறது. காலையில் கவிஞர் கிழவரிடம் மட்டும் விடைபெறுகிறார். மொத்தம் 120 எழுத்து. 'மட்டும்' என்ற சொல்லிலிருந்து கிழவி போய்விட்டாள் என்பதை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். ஐயோ பாவம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் வீட்டிலும் சாவு நடந்தது. 755இல் ஊர் திரும்பியபோது பச்சிளம் மகன் பசியில் இறந்துபோயிருந்தான். "செங்கதவுக்கு உள்ளே மதுவும் இறைச்சியும் நாறுகின்றன, சாலையில் குளிரில் செத்தவர் எலும்புகள்" என்ற வரி அந்தப் பயணப் பாட்டில்தான் வருகிறது.

லி பாய் பெருங்குடிகாரர் என்பது?

குடித்தார், அதைப் பாடினார். "ஒரு மரக்கால் மதுவுக்கு நூறு பாட்டு" என்று அந்தப் பிம்பத்தை ஊதிப் பெரிதாக்கியவர் யார் தெரியுமா? து ஃபுதான், எட்டுக் குடிகாரர்களைப் பற்றிய தன் பாட்டில்.

ஒருவர் கற்பனாவாதி, மற்றவர் யதார்த்தவாதி என்று பாடநூல்கள் பிரிப்பது சரியா?

தேர்வுக்குப் பயன்படும். ஒட்டிய சீட்டுகள் இருபதாம் நூற்றாண்டுச் சீட்டுகள். ஒட்டப்பட்டவர்கள் எட்டாம் நூற்றாண்டுக்காரர்கள். "என் வெண்முடி மூவாயிரம் சாங் நீளம்" என்று லி பாய் எழுதினார். ஒரு சாங் ஏறத்தாழ மூன்று மீட்டர்; ஒன்பது கிலோமீட்டர் முடி. மிகை என்று சிரிக்கலாம், ஆனால் அடுத்த வரி "துயரமும் அதே நீளம்" என்கிறது. து ஃபுவுக்கோ சிரிப்பு வராது என்பதும் தப்பு. 757இல் கந்தலோடு வீடு சேர்ந்த நெடும்பாட்டில், அம்மாவைப் பார்த்து மகள்கள் தாங்களே ஒப்பனை செய்துகொள்வதைக் காட்டுகிறார். முகமெல்லாம் சிவப்பு, புருவம் தாறுமாறாக இத்தனை அகலம். போரும் பசியும் உள்ள அதே பாட்டில்தான் இதுவும் இருக்கிறது.

இருவரில் பெரியவர் யார்?

சண்டை 1200 ஆண்டு பழையது. உயிரோடு இருந்தபோது து ஃபுவுக்குப் பெரிய பெயர் இல்லை. 753இல் யின் ஃபான் தொகுத்த சமகாலக் கவிதைத் தொகையில் லி பாய் இருக்கிறார், து ஃபு இல்லை. 813இல் து ஃபுவின் கல்லறைக்கு எழுதிய வாசகத்தில் கவிஞர் யுவான் சென் அவரை லி பாய்க்கு மேலே தூக்கி வைத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் இன்னொரு கவிஞர் ஹான் யு, "லி, து எழுத்து இருக்கும்வரை அதன் சுடர் பத்தாயிரம் சாங் உயரும்" என்று எழுதி, சின்னப் பிள்ளைகள் எதற்கு இவர்களைக் குறை சொல்கிறார்கள் என்று ஒரு போடு போட்டார். பிற்காலத்தில் து ஃபு 'கவிஞானி' ஆனார், லி பாய் 'கவிச்சித்தர்' என்ற மாதிரி ஒரு பட்டத்தோடு பக்கத்தில் நின்றார்.

1971இல் குவோ மோருவோ என்ற அறிஞர் லி பாய் பக்கம் சாய்ந்து ஒரு நூலே எழுதினார். செங்டுவில் காற்று து ஃபுவின் கூரையைப் பிய்த்துப்போன பாட்டு உண்டு. "பத்தாயிரம் பெருவீடு கிடைத்து ஏழை அறிஞர்கள் எல்லாரும் ஒதுங்கினால், என் குடிசை ஒன்று இடிந்து நான் குளிரில் செத்தாலும் சரி" என்று முடிவது. அந்தப் பாட்டில் 'மூன்று அடுக்குக் கூரைப்புல்' வருகிறதாம், மூன்று அடுக்கு என்றால் வசதியான வீடுதானே, ஆக து ஃபு நிலவுடைமை வர்க்கம் என்றது அந்த நூல். கலாச்சாரப் புரட்சிக் காலம் அப்படி. கூரையின் அடுக்கை எண்ணியவர் கடைசி வரிக்கு வந்தாரா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

தமிழில் கொண்டுவருவதில் எது சிக்கல்?

லி பாயின் மிகப் பிரபலமான இருபது எழுத்துப் பாட்டில் 'நான்' கிடையாது. நாம் 'பார்த்தேன்' என்று எழுதினால் விகுதியில் ஒரு 'நான்' வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். செயவென் எச்சம் கொஞ்சம் காப்பாற்றும்:

"கட்டில் முன் பளிச்சென்ற நிலவொளி;
தரையில் உறைபனியோ?
தலை நிமிர, நிலா;
தலை குனிய, சொந்த ஊர்."

லி பாய் இப்படிக் கொஞ்சம் பிழைத்துவிடுவார். து ஃபுவின் இணைகள்தான் பெரும்பாடு: பெயருக்குப் பெயர், வினைக்கு வினை, எண்ணுக்கு எண் என்று எதிரெதிரே நிற்பவை மொழிபெயர்ப்பில் வெறும் பட்டியலாகிவிடும். மேலே நான் தந்திருக்கும் மேட்டுப் பாட்டையே பாருங்கள், பாதி பட்டியல்தான்.

லி பாய் நிலாவைப் பிடிக்கப் போய் மூழ்கி இறந்தாரா?

கதை. 762இல் தாங்து என்ற ஊரில், உறவினர் லி யாங்பிங் ஆதரவில் இருந்தபோது நோயில் இறந்தார். கவிதைகளைத் தொகுத்தவரும் அந்த உறவினர்தான். து ஃபுவுக்கும் ஒரு கதை உண்டு: வெள்ளத்தில் நாட்கணக்கில் பட்டினி கிடந்து, பிறகு ஊர் அதிகாரி அனுப்பிய மாட்டிறைச்சியையும் மதுவையும் அளவுக்கு மீறி உண்டு இறந்தாராம். அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஹூனானில், படகுப் பயணத்தில் இறந்தார். கட்டுக்கதையில்கூட ஒருவருக்கு நிலா கிடைக்கிறது, மற்றவருக்குச் சாப்பாடு.

எதிலிருந்து தொடங்கலாம்?

பைதிசெங் பாட்டையும் மேட்டுப் பாட்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். பிறகு லி பாயின் நிலாவும் நிழலும். து ஃபுவின் ஷிஹாவ் அதிகாரி. நெடும்பாட்டுகளை உடனே தொட வேண்டாம். து ஃபு மட்டும் முதல் வாசிப்பில் பிடிக்கவில்லை என்றால் கவலைப்படாமல் மூடி வைத்துவிட்டு, பத்து ஆண்டு கழித்து எடுங்கள்.